கருந்துளை ஊதிய குமிழிகள்: பெர்சியஸ் கொத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

ரோசாட் என்ற எக்ஸ் கதிர் விண்கலம் எடுத்த ஒரு படத்தில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தின் நட்டநடுப் பகுதி அது. எக்ஸ் கதிர் பளிச்சென்று இருக்க வேண்டிய இடம். அங்கே மையத்துக்கு வடக்கே ஒரு இருட்டு, தெற்கே ஒரு இருட்டு. 1993இல் ஹான்ஸ் போரிங்கரும் அவருடைய கூட்டாளிகளும் அதே இடத்தின் ரேடியோ படத்தை இதன் மேல் வைத்துப் பார்த்தார்கள். எக்ஸ் கதிரில் இருண்டிருந்த இரண்டு இடங்களும் ரேடியோவில் பிரகாசமாக இருந்தன. ஒரு படத்தின் பள்ளத்தில் இன்னொரு படத்தின் மேடு அப்படியே போய் உட்கார்ந்தது.

கருந்துளையின் தாரைகள், அதாவது அதன் இரண்டு பக்கமும் பீய்ச்சியடிக்கும் பொருள், குமிழி ஊதும் கதையைச் சொல்ல வானத்தில் எத்தனையோ இடங்கள் உண்டு. நான் பெர்சியஸை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாமே அங்கே ஒரே இடத்தில் கிடக்கின்றன. நம்மிடமிருந்து ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. எக்ஸ் கதிரில் நமக்கு மிகப் பிரகாசமாகத் தெரியும் கேலக்ஸிக் கொத்தும் அதுதான். அதன் நடுவில் என்ஜிசி 1275 என்ற பெரிய கேலக்ஸி, அதன் மையத்தில் ஒரு கருந்துளை. அதன் எடை சூரியனைப்போல 34 கோடி மடங்கு என்கிறது ஒரு அளவீடு, 80 கோடி மடங்கு என்கிறது இன்னொன்று. ரேடியோ வானியலாளர்கள் இதே ஆளைப் பெர்சியஸ் ஏ என்றும் 3சி 84 என்றும் கூப்பிடுவார்கள்.

அந்த ஓட்டைகள் என்ன என்பதற்குள் போகும் முன், அவை எதில் விழுந்த ஓட்டைகள் என்று பார்த்துவிடலாம்.

ஆற வேண்டியது ஏன் ஆறவில்லை

கேலக்ஸிக் கொத்து என்றால் கேலக்ஸிகளின் கூட்டம் என்று பெயர் சொல்லிவிடுகிறது. ஆனால் எடை போட்டால் கேலக்ஸிகளில் இருக்கும் விண்மீன்களைவிட, அவற்றுக்கு இடையே பரவிக் கிடக்கும் வாயுதான் பல மடங்கு அதிகம். பெர்சியஸில் இந்த வாயு வெளிப்பக்கத்தில் 7, 8 கோடி டிகிரி, நடுவில் 3 கோடி டிகிரியை ஒட்டி. இந்தச் சூட்டில் வாயு எக்ஸ் கதிராக ஒளிரும். 1976இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் பெர்சியஸின் எக்ஸ் கதிர் நிறமாலையில் இரும்புக்கு உரிய கோடு ஒன்றைக் கண்டுபிடித்தது. சூடான வாயுதான் ஒளிர்கிறது என்பதில் அதற்குப்பின் பெரிய சந்தேகம் இல்லை.

ஒளிர்கிறது என்றால் ஆற்றலை இழக்கிறது என்று அர்த்தம். இழந்தால் ஆற வேண்டும். இப்படிப்பட்ட வாயு ஒளிரும் வேகம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. நடுவில் அடர்த்தி அதிகம், ஆகவே நடுப்பகுதி சீக்கிரம் ஆறும். ஆறினால் அழுத்தம் குறையும், மேலே இருக்கும் வாயு அதை இன்னும் அமுக்கும், அடர்த்தி கூடும், இன்னும் வேகமாக ஆறும். இந்தச் சறுக்குமரத்தில் ஏறிவிட்டால் நடுவில் நிற்க வழியில்லை. பெர்சியஸின் மையத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டபோது, ஆண்டுக்குச் சில நூறு சூரியன்களின் எடையுள்ள வாயு ஆறி என்ஜிசி 1275இன் மேல் மழைபோலக் கொட்ட வேண்டும் என்று வந்தது. கொத்தின் வயதோ பல நூறு கோடி ஆண்டு. அத்தனை காலமாகக் கொட்டியிருந்தால் நடுவில் இருக்கும் கேலக்ஸி புது விண்மீன்களால் நிரம்பி வழிந்திருக்க வேண்டும்.

வழியவில்லை. குளிர்ந்த வாயுவும் புது விண்மீன்களும் அங்கே இருக்கின்றன, ஆனால் கணக்கு கேட்ட அளவில் ஒரு சிறு பங்குதான். இருபது வருடங்களுக்கும் மேலாக இது ஒரு முள்ளாக உறுத்தியது. ஆறிய வாயு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். 2001இல் எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்கலம் பல கொத்துகளின் நிறமாலைகளை எடுத்தபோது அந்தச் சமாதானமும் போனது. வெளிப்பக்கச் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை வாயு ஆறுகிறது. அதற்குக் கீழே ஆறுவதற்கான கோடுகளே நிறமாலையில் போதிய அளவு இல்லை. ஒளிந்துகொள்ளவில்லை, உண்மையாகவே ஆறவில்லை.

யாரோ கீழே அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

துளையிடும் தாரை, உப்பும் குமிழி

கருந்துளையில் விழும் பொருள் எல்லாம் உள்ளே போய்விடுவதில்லை. அதைச் சுற்றிச் சுழலும் தட்டிலிருந்தும், கருந்துளையின் சுழற்சியிலிருந்தும் காந்தப்புலம் ஆற்றலை உறிஞ்சி, இரண்டு பக்கமும் குறுகிய தாரைகளாகப் பீய்ச்சியடிக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகம். அப்படியே போய்க்கொண்டிருந்தால் அது வெறும் தாரைதான், குமிழி வராது. ஆனால் கொத்தின் நடுவில் வாயு இருக்கிறதே. தாரையின் முனை அந்த வாயுவில் முட்டி நிற்கிறது. பின்னால் வந்துகொண்டிருக்கும் பிளாஸ்மாவுக்கு, அதாவது மின்னூட்டத் துகள்களின் ஓட்டத்துக்கு, முன்னே போக வழியில்லை, பக்கவாட்டில் பரவித் திரும்புகிறது. குழாய்த் தண்ணீரைச் சுவரில் பீய்ச்சினால் தண்ணீர் நம் மேலேயே தெறிக்குமே, அதேபோல. திரும்பிய பிளாஸ்மா தாரையைச் சுற்றி ஒரு கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டின் அழுத்தம் சுற்றியுள்ள வாயுவின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும்வரை அது உப்பிக்கொண்டே போகும்.

குமிழிக்குள் இருப்பது ஏறத்தாழ ஒளிவேகத்தில் சுற்றும் எலக்ட்ரான்களும் காந்தப்புலமும். எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலை வெளியிடும். ஆனால் எடை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. எக்ஸ் கதிர் தரும் அடர்ந்த வாயு ஓரமாக ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆகவே ரேடியோவில் வெளிச்சம், எக்ஸ் கதிரில் இருட்டு. போரிங்கர் குழு பார்த்த ஓட்டைகள் இவைதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், எக்ஸ் கதிரில் ஓட்டை பார்ப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்பே இது காகிதத்தில் இருந்தது. 1973இல் கல், நார்த்தோவர் என்ற இருவர் நேச்சர் இதழில் ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார்கள். ரேடியோ கேலக்ஸிகளின் இரண்டு பக்கமும் ரேடியோவில் ஒளிரும் மடல்கள் கொத்து வாயுவுக்குள் மிதக்கும் குமிழிகள், அவை மிதப்பு விசையால் மேலே ஏறும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே தாரையும் கூடும் சேர்ந்த கோட்பாட்டை ஷூயர் ஒரு பக்கமும் பிளாண்ட்ஃபோர்டும் ரீஸும் இன்னொரு பக்கமும் எழுதிவிட்டார்கள். கண்ணாடி போட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

கண்ணாடி வந்தது 1999 ஜூலையில். சந்திரா விண்கலம். சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அது. முதலில் ஹைட்ரா ஏ கொத்திலும், அதே 2000ஆம் ஆண்டில் பெர்சியஸிலும் குமிழிகளை மிகத் துல்லியமாகக் காட்டியது. காட்டியதில் ஒரு ஆச்சரியமும் இருந்தது. கருந்துளை ஊதுகிறது என்றால் பெரிய வெடிப்பாக இருக்கும், குமிழியின் விளிம்பில் வாயு அதிர்வலையில் அடிபட்டுக் கொதித்துக் கிடக்கும் என்றுதான் பலர் நினைத்தார்கள். பெர்சியஸில் விளிம்பு பிரகாசமாக இருந்தது, ஆனால் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. அதாவது குமிழி வெடித்து விரியவில்லை, ஒலியின் வேகத்தை ஒட்டி மெதுவாக உப்புகிறது. பிற்பாடு எடுத்த நீண்ட படங்களில் குமிழியைச் சுற்றி அதிர்வலை ஒன்று தெரிந்தது, அதுவும் சாதுவான ஒன்றுதான்.

மீட்டர் ரீடிங்

இனி வருவது கணக்கு. இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதே இதற்காகத்தான், கொஞ்சம் பொறுமையாகப் போகலாம்.

ஒரு கருந்துளை எவ்வளவு சக்தி வாய்ந்தது என்று கண்டுபிடிக்க வானியலாளர்களுக்குப் பழகிப்போன வழி, அதன் ஒளியை அளப்பது. தாரை விஷயத்தில் இந்த வழி ஏமாற்றும். தாரையின் ஆற்றலில் பெரும்பகுதி ஒளியாகவே வருவதில்லை. தள்ளுவதிலேயே செலவாகிறது. தள்ளியதை எப்படி அளப்பது? தள்ளிய இடம் கண்ணுக்குத் தெரிகிறதே. குமிழிதான் மீட்டர்.

ஒரு வாயுவை ஒதுக்கி இடம் பண்ண, அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கிய அளவு வேலை செய்ய வேண்டும். பள்ளிக்கூட இயற்பியல்தான். அது இடம் பண்ணிய கூலி. அதோடு குமிழிக்குள் நிரப்பிய பிளாஸ்மாவுக்கும் ஆற்றல் இருக்கிறது. ஒளிவேகத் துகள்களுக்கு அது அந்தக் கூலியைப்போல மூன்று மடங்கு. ஆக மொத்தம், அழுத்தம் பெருக்கல் கன அளவு பெருக்கல் நான்கு.

பெர்சியஸின் நடுவில் வாயு எவ்வளவு அடர்த்தி? ஒரு டம்ளர் அளவு இடத்தில் பத்து எலக்ட்ரான். நம் ஆய்வுக்கூடத்து வெற்றிடங்கள் எல்லாம் இதற்குப் பக்கத்தில் கூட வராது. ஆனால் சூடு 3 கோடி டிகிரிக்கு மேல் இருப்பதால் ஏதோ ஒரு அழுத்தம் வந்துவிடுகிறது. நம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 20 கோடி கோடியில் ஒரு பங்கு. சிரிப்பு வரும் அளவுக்குச் சின்ன எண். இப்போது கன அளவு. ஒரு குமிழியின் ஆரம் ஏறத்தாழ 23,000 ஒளியாண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நம் பால்வீதித் தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்தை எட்டிவிடும். சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் பெருக்கினால், இரண்டு குமிழிகளுக்குமாக 16 கோடி சூப்பர்நோவா வெடிப்புகளின் ஆற்றல் வருகிறது. நான் கைக்கணக்காகப் போட்டது இது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், பத்து மடங்கு பிசகாது.

அடுத்து காலம். குமிழி எத்தனை ஆண்டுகளில் ஊதப்பட்டது? ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம், மிதந்து ஏற எவ்வளவு நேரம், குமிழி விட்டுப்போன இடத்தை வாயு திரும்ப நிரப்ப எவ்வளவு நேரம் என்று மூன்று விதமாகப் பார்க்கலாம். எப்படிப் பார்த்தாலும் ஒரு கோடி ஆண்டு என்ற அளவில்தான் நிற்கிறது. ஆற்றலைக் காலத்தால் வகுத்தால் 13,000 கோடி சூரியன்களின் ஒளிர்வுக்குச் சமமான திறன். கொத்தின் மையம் எக்ஸ் கதிராக இழந்துகொண்டிருக்கும் திறனும் ஏறத்தாழ அதே அளவுதான்.

இதைப் படித்த முதல் தடவை நான் சந்தேகப்பட்டேன், இரண்டு எண்கள் தற்செயலாக ஒத்துப்போவது வானியலில் புதிதல்ல. ஆனால் பெர்சியஸோடு நிற்கவில்லை. குமிழியுள்ள கொத்துகளை வரிசையாக எடுத்துக் கணக்குப் போட்டபோது, அதிகம் ஒளிரும் கொத்தில் பெரிய குமிழிகள், குறைவாக ஒளிரும் கொத்தில் சின்னக் குமிழிகள் என்ற ஒழுங்கு தெரிந்தது. போகும் சூட்டைப் பார்த்து யாரோ அடுப்பைக் கூட்டிக் குறைப்பதுபோல. யார் கூட்டிக் குறைக்கிறார்கள் என்றால், ஆறிய வாயுவேதான். கொஞ்சம் ஆறினால் கொஞ்சம் உள்ளே விழும், கருந்துளைக்குத் தீனி கிடைக்கும், தாரை எழும்பும், சூடு ஏறும், தீனி குறையும். அதற்கு எவ்வளவு தீனி வேண்டும் என்றும் பார்த்தேன். விழும் பொருளின் நிறை ஆற்றலில் (ஐன்ஸ்டீனின் E=mc² சொல்வது) பத்தில் ஒரு பங்கு தாரையாக மாறினால், பதினோரு ஆண்டுக்கு ஒரு சூரியன் போதும். ஆண்டுக்குச் சில நூறு சூரியன்கள் கொட்ட இருந்ததை, பத்தாண்டுக்கு ஒன்றைத் தின்று நிறுத்தியிருக்கிறது.

அதே கணக்கு, சின்ன அளவில்

கொத்துகளை விட்டு நம் பால்வீதிக்குள் வந்தாலும் இதே மீட்டர் ஓடுகிறது. சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை அமைப்பின் பக்கத்தில், 2005இல் எலெனா கல்லோவும் குழுவினரும் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு ஒரு மங்கிய வளையத்தைப் பார்த்தார்கள். குறுக்களவு ஏறத்தாழ 15 ஒளியாண்டு. கருந்துளையின் தாரை போகும் திசையில், சரியாக அதன் எதிரே நின்றது. தாரை அங்கே இருந்த வாயுவைத் தள்ளி ஊதிய குமிழியின் ஓடு அது என்பது அவர்கள் முடிவு. தாரையே கண்ணுக்குச் சொற்பமாகத்தான் தெரியும். ஆனால் வளையத்தின் அளவையும் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், தாரையின் திறன் அந்த அமைப்பின் எக்ஸ் கதிர் ஒளிர்வுக்குச் சமமாகவே இருக்கலாம் என்று வந்தது.

வளையம் ஒரு பக்கம்தான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்துத் தாரை என்ன ஆனது? அந்தப் பக்கம் வாயு மிகக் குறைவு. தள்ள எதுவும் இல்லாத இடத்தில் தாரை எவ்வளவு ஊதினாலும் குமிழி தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேறொரு இடத்தில் தேவைப்படும்.

எஸ்எஸ் 433 இன்னும் நாடகத்தனமானது. ஏறத்தாழ 18,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு இரட்டை விண்மீன் அமைப்பு. 1978-79இல் அதன் நிறமாலைக் கோடுகள் நாளுக்கு நாள் இடம் மாறுவதைப் பார்த்து வானியலாளர்கள் குழம்பிப் போனார்கள். வரவும் செய்கிறது, போகவும் செய்கிறது என்று கேலியாகப் பேசப்பட்டது. விஷயம் இதுதான். இரண்டு தாரைகள் ஒளிவேகத்தில் 26 சதவீத வேகத்தில் பாய்கின்றன, அதோடு பம்பரம் தலையாட்டுவதுபோல 162 நாளைக்கு ஒருமுறை தலையாட்டுகின்றன. இதைச் சுற்றி டபிள்யூ50 என்ற நெபுலா, அதாவது வாயு மேகம். நடுவில் உருண்டை, சூப்பர்நோவா மிச்சம்போல. கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு காதுகள் நீண்டிருக்கின்றன. ஏற்கெனவே இருந்த உருண்டையைத் தாரைகள் உள்ளிருந்து குத்திப் பிதுக்கியதுதான் காதுகள் என்பது பரவலான விளக்கம். மொத்த நீளம் 600 ஒளியாண்டுக்கு மேல், வானத்தில் நான்கு முழு நிலாக்களை வரிசையாக வைத்த அகலம். மல்லாந்து மிதக்கும் கடற்பசுபோல இருக்கிறதென்று அமெரிக்க ரேடியோ வானியல் மையம் 2013இல் அதற்கு மனாட்டி என்று செல்லப்பெயர் வைத்தது. நம் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியாவின் உறவுக்கார விலங்கு. பெயர் பொருத்தம்தான்.

இந்த வரிசையில் ஒளியை நம்பக்கூடாது என்பதற்குச் சரியான சாட்சி எஸ்26 என்ற குமிழி. ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் என்ஜிசி 7793 என்ற கேலக்ஸியில் இருக்கிறது. 2010இல் பாக்குல், சோரியா, மோட்ச் மூவரும் அறிவித்தார்கள், குமிழியின் குறுக்களவு ஆயிரம் ஒளியாண்டு. நடுவில் இருக்கும் கருந்துளையின் எக்ஸ் கதிரை மட்டும் பார்த்தால் சாதாரண ஆள். குமிழியைக் கணக்கிட்டால் தாரையின் திறன் அந்த எக்ஸ் கதிரைப்போல பத்தாயிரம் மடங்கு. மீட்டர் இல்லையென்றால் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பழைய குமிழிகளும் ஒரு சுருதியும்

மறுபடி பெர்சியஸ். 1993இல் தெரிந்த இரண்டு குமிழிகள் அங்கே கடைசியாக ஊதப்பட்டவை. சந்திரா படத்தில் இன்னும் வெளியே, வடமேற்கிலும் தெற்கிலும் வேறு ஓட்டைகள் தெரிந்தன. இவற்றில் வழக்கமான ரேடியோ ஒளி இல்லை. அதிக ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் முதலில் ஓய்ந்துவிடும், ஆகவே பழைய குமிழி குறைந்த அலைவெண்ணில் மட்டும் லேசாக ஒளிரும். பேய்க் குமிழிகள் என்று பெயர்.

வடமேற்குப் பேய்க் குமிழியின் உருவத்தைப் பாருங்கள். மேல்பக்கம் வளைந்து, அடிப்பக்கம் தட்டையாக, கவிழ்த்து வைத்த கிண்ணம்போல. கொதிக்கும் கஞ்சியில் ஒரு பெரிய குமிழி ஏறும்போதும், கடலுக்குள் நீர்மூழ்குபவர் விடும் பெரிய காற்றுக் குமிழியும் இதே உருவம்தான். அதன் அடியில், என்ஜிசி 1275இலிருந்து கிளம்பும் குளிர்ந்த வாயு இழை ஒன்று லாடம்போல வளைந்து கிடக்கிறது. ஏறும் குமிழிக்குப் பின்னால் தண்ணீர் எப்படிச் சுழன்று மேலே இழுபடுமோ அதே வளைவு. ஆண்ட்ரூ ஃபேபியனும் குழுவும் 2003இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். இழைகள் வாயு ஓட்டத்தைக் காட்டும் கோலப்பொடிபோல ஆகிவிட்டன. ஹபிள் தொலைநோக்கி 2008இல் இந்த இழைகளை நெருங்கிப் பார்த்தபோது, சில 20,000 ஒளியாண்டு நீளத்துக்கு இருந்தன, அகலமோ வெறும் 200 ஒளியாண்டு. இத்தனை மெல்லிய நூல் இந்தக் கொதிகலனில் அறுந்து கரையாமல் இருக்க வேண்டுமென்றால் காந்தப்புலம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

குமிழியே உடையாமல் இருப்பதும் எனக்கு விசித்திரம்தான். கனமான வாயுவுக்கு அடியில் இலேசான பொருளை வைத்தால் விரல் விரலாகக் கிழிந்து கலந்துவிட வேண்டும். பல கோடி ஆண்டு வயதான பேய்க் குமிழி முழுசாக நிற்கிறது. வாயுவுக்குப் பிசுபிசுப்பு இருக்கலாம், காந்தக் கோடுகள் குமிழியைத் துணிபோலப் போர்த்தியிருக்கலாம். இரண்டுமே இருக்கலாம்.

அப்புறம் அந்த சுருதி. 2003இல் ஃபேபியன் குழு 53 மணி நேரம் எடுத்த சந்திரா படத்தில், குமிழிகளைச் சுற்றி வளையம் வளையமாக லேசான அலைகள் தெரிந்தன. குளத்தில் கல் போட்ட மாதிரி. ஒவ்வொரு தடவை ஊதும்போதும் வாயுவில் ஒரு அழுத்த அலை கிளம்புகிறது, அழுத்த அலை என்றால் ஒலிதான். அலைக்கும் அலைக்கும் இடைவெளி ஏறத்தாழ 36,000 ஒளியாண்டு. அங்கே ஒலியின் வேகம் விநாடிக்கு 1,170 கிலோமீட்டர் அளவு. வகுத்துப் பாருங்கள், ஒரு அலை கடக்கக் கிட்டத்தட்ட ஒரு கோடி ஆண்டு. மேலே குமிழிக்கு வந்த காலமும் அதுதான். பியானோவின் நடு சி-க்கு 57 ஸ்தாயி கீழே இருக்கும் பி ஃபிளாட் என்ற சுரம் என்று நாசா அறிவித்தது.

2022இல் இதே தரவை 57, 58 ஸ்தாயி மேலே ஏற்றி ஒலியாக வெளியிட்டார்கள். கருந்துளையின் குரல் என்று வாட்ஸப்பில் சுற்றியது, எனக்கும் நாலு பேர் அனுப்பினார்கள். யாரும் அங்கே மைக் வைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருக்கும் வெளிச்ச ஏற்ற இறக்கத்தை ஒலியாக மாற்றியது அது. அலை உண்மை, அந்த ஊளை நம் கைவேலை.

நம்ப மறுத்த கணக்கு

மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாமல் போன ஒரு சம்பவமும் உண்டு. ஒஃபியூக்கஸ் கொத்து, 39 கோடி ஒளியாண்டு தூரம். 2016இல் நார்பர்ட் வெர்னர் குழு சந்திரா படத்தில் அங்கே உள்பக்கம் குழிந்த ஒரு விளிம்பைப் பார்த்தது. குமிழியின் சுவராக இருக்குமோ என்று யோசித்தார்கள். சுவர் அதுவென்றால் முழுக் குமிழி எவ்வளவு பெரிது, அதை ஊத எவ்வளவு ஆற்றல் என்று கணக்குப் போட்டார்கள். வந்த எண்ணைப் பார்த்ததும் அந்த எண்ணத்தையே கைவிட்டார்கள். ஒரு கருந்துளையால் அவ்வளவு முடியாது.

2020இல் சிமோனா ஜாச்சிந்துச்சி குழு அதே இடத்தைக் குறைந்த அலைவெண் ரேடியோவில் பார்த்தது. ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் தொலைநோக்கித் தரவும், புனே பக்கம் கோடத்தில் இருக்கும் ஜிஎம்ஆர்டி தரவும் கைகொடுத்தன. 45 மீட்டர் அகல முப்பது தட்டுகள் கொண்ட ஜிஎம்ஆர்டி, ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவில் ரேடியோ தொலைநோக்கி கட்டிய கோவிந்த் ஸ்வரூப்பின் அடுத்த பெரிய வேலை. பழைய குமிழிகளைத் தேட இந்த மாதிரி குறைந்த அலைவெண் கருவிகள்தான் லாயக்கு, காரணம் மேலே சொன்னதுதான். படம் வந்தது. குழிந்த விளிம்பை ஒட்டி, அதன் வளைவுக்கு அச்சாகப் பொருந்தி, ரேடியோ ஒளி அந்தப் பள்ளத்தை நிரப்பிக் கிடந்தது. 1993இல் பெர்சியஸில் பார்த்த அதே பொருத்தம். ஆற்றல் மட்டும் பெர்சியஸ் குமிழிகளுக்கு நான் போட்ட கைக்கணக்கைப்போல 300 மடங்கு. பதினைந்து பால்வீதிகளை வரிசையாக அடுக்கும் அளவு பள்ளம்.

வெர்னர் குழு செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். எக்ஸ் கதிரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். குமிழி என்று சொல்ல இரண்டு படங்களும் வேண்டும்.

ஒஃபியூக்கஸிலும் குமிழி ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் வாயு மெலிந்திருக்கலாம், அங்கே ஊதியது சீக்கிரம் கரைந்து போயிருக்கலாம் என்கிறார்கள். சிக்னஸ் எக்ஸ்-1இல் 15 ஒளியாண்டு அளவில் பார்த்த அதே கதை.

சூடு எப்படிப் பரவுகிறது

கொத்தைச் சூடாக வைக்கப் போதுமான ஆற்றல் குமிழிகளில் இருக்கிறது, சரி. ஆனால் குமிழிகள் இரண்டு பக்கமும் இரண்டு இடத்தில் இருக்கின்றன. வாயுவோ சுற்றிலும் எல்லாத் திசையிலும் சூடாக இருக்கிறது. நடுவில் அடுப்பு மூட்டினால் சட்டி முழுக்க எப்படிச் சூடு போகிறது? குமிழிகள் வாயுவைக் கலக்கிக் கொந்தளிப்பை உண்டாக்கி, அந்தக் கொந்தளிப்பு அடங்கும்போது சூடாகிறது என்பது ஒரு கட்சி. 2014இல் இரினா ஷுராவ்லேவா குழு பெர்சியஸ், விர்கோ என்ற இரண்டு கொத்துகளிலும் வெளிச்ச ஏற்ற இறக்கத்தை வைத்து இதற்கு எண் கொடுத்தது. ஒலி அலைகள் பரவித் தேய்ந்து சூடாக்குகின்றன என்பது இன்னொரு கட்சி.

வாயுவின் வேகத்தை நேராக அளந்தால் தெரிந்துவிடும். அதற்காகவே ஜப்பான் 2016 பிப்ரவரி 17 அன்று ஹிட்டோமி விண்கலத்தை அனுப்பியது. அதன் உணர்கருவி முழுப் பூஜ்யத்துக்கு (இதற்குக் கீழே குளிரே கிடையாது) வெறும் 0.05 டிகிரி மேலே இருக்கும்படி குளிர்விக்கப்பட்டது. முதலில் பார்த்த இடங்களில் ஒன்று பெர்சியஸின் நடு. மார்ச் 26 அன்று விண்கலம் கட்டுப்பாடிழந்து சுழன்று உடைந்தது. விண்ணில் இருந்தது ஐந்து வாரத்துக்குச் சற்று அதிகம்.

அந்த ஐந்து வாரத்தில் கிடைத்த எண் விநாடிக்கு 164 கிலோமீட்டர். ஒலிவேகம் ஆயிரத்துக்கு மேல் இருக்கும் இடத்தில், கருந்துளை குமிழி ஊதிக்கொண்டிருக்கும் இடத்தில், வாயுவின் கலங்கல் இவ்வளவுதான். கொந்தளிப்பின் அழுத்தம் சூட்டின் அழுத்தத்தில் 4 சதவீதம். கொந்தளிப்புக் கட்சி, ஆற்றல் அடங்கும் அளவுக்கு இது போதும் என்றது. ஒலிக் கட்சி, இத்தனை மெதுவான கலங்கல் மையத்திலிருந்து வெளியே போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும், தூரம் போக ஒலிதான் வேண்டும் என்றது. ஹிட்டோமியின் இடத்தில் எக்ஸ்ரிஸம் என்ற விண்கலம் 2023 செப்டம்பரில் ஏவப்பட்டது. அதுவும் பெர்சியஸைப் பார்த்திருக்கிறது.

இதற்கிடையே 3சி 84 சும்மா இல்லை. 2005 வாக்கில் அதன் மையத்துக்கு அருகில் ஒரு புது ரேடியோ முடிச்சு கிளம்பியது. கண்டத்துக்குக் கண்டம் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து எடுக்கும் படங்களில், ஆண்டுக்கு ஆண்டு அது தெற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. தெற்குக் குமிழி இருக்கும் பக்கம்.